சம்பந்தி அங்குலம்

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய ஸ்டெல்லா டீச்சர்,

நாம் செய்த வீடு வந்து சேர்ந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அடையாறிலிருந்து ஆட்டோவில், பாதி என் மடியிலும் பாதி அனிதா மடியிலுமாக உட்கார்ந்து மயிலாப்பூர் வந்தது. ஆட்டோக்காரர் வழியெல்லாம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னாம்மா இது, அடுப்பு கீது, குடம் கீது, கொடியில துணி கூட கீது! ஆளத்தான் காணோம்" என்றார்.

"நீ முன்னாடி பார்த்து ஓட்டுப்பா. பள்ளத்துல விட்டா குடமும் இருக்காது" என்றேன். மந்தைவெளி வரைக்கும் அனிதாவும் நானும் சிரித்துக்கொண்டுதான் வந்தோம். அப்புறம் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

நீங்கள் போய்ப் பதினொரு மாதமாகிறது. உங்கள் ஃபிளாட்டைக் காலி செய்கிறோம். போன வாரம் உங்கள் கோயிலில் உங்களுக்காகப் பூசை வைத்தார்கள், நானும் போனேன். எப்போது எழுந்திருப்பது, எப்போது முழங்கால் போடுவது என்று தெரியாமல் அனிதாவைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். முழங்கால் போட்ட பிறகு எழுந்திருக்கத்தான் முடியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பீர்கள்.

இந்தக் கடிதத்தை குட்டி வீடும் குட்டிச் சாமான்களும் செய்கிற நம் மினியேச்சர் குழுவின் ஆண்டு மலருக்கு அனுப்பப்போகிறேன். மனசுக்குள் பேசிக்கொண்டால் போதாதா என்று என் மகன் கேட்டான். போதாது, டீச்சர். அன்றைக்கு நான் பேசியது நாற்பது பேர் முன்னால். இதையும் அந்த நாற்பது பேர் படிக்கட்டும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டெல்லா டீச்சர் என் மருமகள் அனிதாவின் அம்மா. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். நான் தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். என் மகன் சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது, நான் ஒரு வருஷம் அவன் முகத்தில் முழிக்கவில்லை. ரெண்டும் கோபாலபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடித்தனம் வைத்தன. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, வெளியே துணி காயப்போட ஒரு கொடி. அந்த வீட்டு வாசற்படியை நான் மிதிக்கவே இல்லை.

நீங்களும் மிதிக்கவில்லை. அது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. "பெத்த மகளாச்சே, நீங்க ஏன் போகலை?" என்று கேட்டேன். "மாப்பிள்ளையோட அம்மா வராத வீட்டுக்கு நான் முந்திக்கிட்டுப் போனா, உங்களுக்கு மரியாதையா இருக்காதுங்களே" என்றீர்கள். அடப்பாவமே! நான் மகனை உதறிவிட்டு உட்கார்ந்திருந்தேன், எனக்காக நீங்கள் மகளைப் பார்க்காமல் இருந்திருக்கிறீர்கள். அப்போதே உங்களை நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

நான் கோபம் தணிந்து வந்தபோது பிள்ளைகள் வீடு மாறியிருந்தார்கள். அப்புறம் என்னோடு மயிலாப்பூருக்கே வந்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் அந்தக் கோபாலபுரத்து வீட்டையும் இடித்துவிட்டார்கள். முதல் கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டுக்கு விறைப்பாக வந்து உட்கார்ந்தேன். குடிலுக்குப் பின்னால் நீங்கள் அட்டையிலும் தீக்குச்சியிலும் ஒரு தெருவே கட்டி வைத்திருந்தீர்கள். கதவு திறந்து மூடியது, ஜன்னலில் கம்பி இருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "வீடெல்லாம் சரி டீச்சர். ஒரு வீட்டிலயும் பாத்திரமே இல்லையே, எல்லாரும் ஹோட்டல்லயா சாப்பிடுறாங்க?" என்றேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அங்கே ஆரம்பித்தது.

கோபாலபுரத்து வீட்டைக் கட்டலாம் என்றது நீங்கள்தான். நாம் இருவரும் போகாத வீட்டைப் பிள்ளைகள் சொல்லச் சொல்ல, ஃபோட்டோ பார்த்துப் பார்த்துக் கட்டுவது. வீடு உங்கள் வேலை, பாத்திரம் என் வேலை. ஒவ்வொரு புதன்கிழமையும் உங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். உலகமெல்லாம் இந்த வேலைக்கு ஓர் அடிக்கு ஓர் அங்குலம்தான் கணக்கு என்று சொல்லிக்கொடுத்தீர்கள். ஓர் அடி உயரக் குடம் என்றால் இங்கே ஓர் அங்குலம், ஏழடி வாசல் என்றால் ஏழு அங்குலம். நான் தலையை ஆட்டிவிட்டுக் கடையிலிருந்து செப்புத் தகடு கொண்டுவந்து கோலிக்குண்டின் மேல் வைத்துத் தட்ட ஆரம்பித்தேன்.

ஸ்கேல் வேண்டுமா என்று கேட்டீர்கள். "எதுக்கு? கட்டைவிரல் மேல் கணு ஓர் அங்குலம். எங்க ஊர் தையல் டீச்சர் சொன்னது. எத்தனை ஜாக்கெட் தைச்சிருக்கேன்" என்று விரலை நீட்டிக் காட்டினேன். நீங்கள் என் விரலையே ஒரு நிமிஷம் பார்த்தீர்கள். "உங்களுக்கு நல்ல பெரிய கைங்க, சம்பந்தியம்மா" என்றீர்கள். எனக்கு ஒரே பெருமை.

குடம், இட்லிக் கொப்பரை, தூக்குச்சட்டி, அண்டா என்று எல்லாம் செய்து கொண்டுவந்தேன். நீங்கள் கட்டி முடித்திருந்த சமையல் மேடைக்கு அடியில் குடத்தைத் தள்ளினேன். நுழையவில்லை. கொப்பரையை அடுப்பில் வைத்தேன். மேல் பலகையில் இடித்தது.

"மேடையைக் கட்டையா வச்சுட்டீங்களே டீச்சர்" என்றேன்.

"ஆமாங்க, நான்தான் கவனிக்கலை. சரி பண்ணிடுறேன்" என்றீர்கள். போகும்போது ஒரு தாளை வைத்து, "இதுல உங்க கட்டைவிரலை வைங்களேன்" என்று சொல்லி, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டீர்கள். எதற்கு என்று கேட்டதற்கு, குடிலுக்கு ஒரு டிசைன் என்றீர்கள். அடுத்த மூன்று புதன் வரவேண்டாம், வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்றும் சொன்னீர்கள். நாலாவது புதன் வந்தேன். பெயிண்ட் வாசனையே இல்லை. ஆனால் குடம் மேடைக்கடியில் அழகாகப் போய் உட்கார்ந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

அனிதா ஆன்லைனில், இந்த மாதிரிக் குட்டி வீடுகளுக்கென்றே விற்கிற ரெண்டு நாற்காலி வரவழைத்துக் கொடுத்தாள். அதை நாம் கட்டிய அறையில் போட்டால் எல்.கே.ஜி. பிள்ளைகள் நாற்காலி மாதிரி இருந்தது. "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்று நான்தான் சத்தம் போட்டேன். நீங்கள் அதைத் திரும்பப் பெட்டியில் வைத்து மூடினீர்கள்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

பாண்டி பஜார் பக்கத்து மாடி ஹாலில் குழுவின் கண்காட்சி. நம் வீட்டைச் சுற்றித்தான் கூட்டம். கொடியில் தொங்கிய வேட்டியைப் பார்த்து எல்லோரும் ரசித்துச் சிரித்தார்கள். குழுவின் மூத்தவர் ஒருவர் எவர்சில்வர் ஸ்கேலோடு வந்தார். வாசலை அளந்தார். திரும்பவும் அளந்தார்.

"வாசல் ஏழு அங்குலம் இருக்கணும். இது எட்டேகால் இருக்கே. வேலை பிரமாதம், ஆனா அளவே தப்பு" என்றார்.

நாற்பது பேரும் நம்மைப் பார்த்தார்கள். எனக்குச் சுரீர் என்றது. யோசிக்காமல் வாயை விட்டேன். "வீடு கட்டினது அவங்க. அளவெல்லாம் அவங்களைக் கேளுங்க. என் பாத்திரத்துல ஒரு நூல் தப்பாது, நாங்க பாத்திரக் கடைக்காரங்க" என்றேன்.

கணக்கு டீச்சர் நீங்கள். பையில் ஸ்கேல் வைத்திருந்தீர்கள். என் குடத்தை எடுத்து அந்த ஸ்கேல் பக்கத்தில் வைத்திருந்தால் ஒரு விநாடியில் முடிந்திருக்கும். நீங்கள் சிரித்துக்கொண்டே, "ஆமாங்க, தப்பு என்னுதுதான். வயசாச்சு, கண்ணு சரியாத் தெரியறதில்ல" என்றீர்கள். அதோடு விடாமல், வீட்டின் முன்னால் இருந்த கார்டில் உங்கள் மணிமணியான கையெழுத்தில் 'அளவுப் பிழை வீட்டில்' என்று ஒரு வரியும் சேர்த்து எழுதினீர்கள். அனிதா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

முப்பது வருஷம் கணக்கு நடத்தியவர் ஏழு அங்குலத்தை எட்டேகாலாகக் கட்டுவாரா? இந்தக் கேள்வி எனக்கு ஏன் அன்றைக்குத் தோன்றவில்லை? தோன்றவிடாமல் செய்தது எது, திமிரா? மாப்பிள்ளையின் அம்மா என்ற நினைப்பா?

அப்புறம் நான் புதன்கிழமைகளில் வரவில்லை. நான் பேசியது கொஞ்சம் அதிகம் என்று உள்ளுக்குள் தெரியும். அதை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. கால் வலி, கடையில் ஆளில்லை என்று ஏதாவது சாக்கு. நாலு மாதத்தில் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தேன். "டீச்சர், அன்னிக்கு ஹால்ல..." என்று ஆரம்பித்தேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "குடம் நல்லா வந்திருந்தது, சம்பந்தியம்மா" என்றீர்கள். அப்போது நர்ஸ் வந்துவிட்டார். நான் சாத்துக்குடியை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். ரெண்டு நாள்தான், போய்விட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டை என் மேஜைமேல் இறக்கி வைத்த பிறகு, கூடவே கொண்டுவந்திருந்த, நீங்கள் வேலைச் சாமான் வைக்கும் பெரிய தகரப் பெட்டியைத் திறந்தேன். கத்தி, கோந்து, உப்புத்தாள். அடியில் செய்தித்தாளில் சுற்றி ஒரு சமையற்கட்டு. சுவர், மேடை, பலகை, வாசல் எல்லாம் இருந்தன. அனிதா ஸ்கேல் கொண்டுவந்தாள். வாசல் சரியாக ஏழு அங்குலம், மயிரிழை பிசகில்லை. நீங்கள் முதலில் கட்டியது அது. என் குடம் நுழையாத மேடை அதுதான்.

அதற்கும் அடியில் ஒரு மூங்கில் குச்சி. அதில் வரிசையாகக் கோடுகள், பேனாவால் ஒன்று முதல் பன்னிரண்டு வரை. ஸ்கேலில் வைத்தேன், ஒரு கோடும் அங்குலத்தோடு ஒத்துப்போகவில்லை. கோட்டுக்குக் கோடு மூன்று சென்டிமீட்டர் இருந்தது, நிஜ அங்குலம் இரண்டரைதான். திருப்பினேன். பின்பக்கம் உங்கள் எழுத்தில் 'சம்பந்தி அங்குலம்' என்று இருந்தது.

என் கட்டைவிரலை எடுத்து அந்த முதல் கோட்டின் மேல் வைத்தேன், டீச்சர். கணு அந்தக் கோட்டில் சரியாக நின்றது.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? 'உங்க விரல் பெரிசுங்க, ஸ்கேல்ல அளங்க' என்று சொல்வதற்குப் பதிலாக, மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு வீட்டையே பிரித்து என் விரலுக்குக் கட்டினீர்களே! பெண்ணைக் கொடுத்தவள் மாப்பிள்ளை வீட்டில் குறை சொல்லக் கூடாது என்றா? சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். அவ்வளவுதானே. அவ்வளவுதானா? எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

அனிதா எதிரில் உட்கார்ந்திருந்தாள். "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"குச்சி இருக்குறது தெரியாது, அத்தை. ஆனா அம்மா அளவு தப்ப மாட்டாங்கன்னு தெரியும்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உங்ககிட்ட எப்படி அத்தை சொல்றது?" என்றாள்.

இதுதான் என்னை உலுக்கிவிட்டது. ஆறு வருஷமாக என் வீட்டில் இருக்கும் பெண். என்னை ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்திருக்கிறேன். நீங்கள் எனக்காக வீட்டை இடித்துக் கட்டியது மாதிரி அவளும் இங்கே தினம் எதையெதை எல்லாம் இடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறாளோ, யார் கண்டது?

அடுத்த மாதம் மறுபடியும் கண்காட்சி. நம் வீட்டை வைக்கச் சொல்கிறார்கள். உங்கள் பழைய கார்டைச் சாமி அலமாரியில் எடுத்து வைத்துவிட்டேன். புதிதாக ஒன்று எழுதினேன்: 'வீடு: ஸ்டெல்லா டீச்சர். பாத்திரம்: செல்வக்கனி. பிழை பாத்திரத்தில்தான். செய்தவளின் விரல் பெரிது. அதற்காக ஒருவர் சரியாகக் கட்டிய வீட்டை இடித்து மறுபடி கட்டினார்.' வீட்டின் பக்கத்தில் அந்த ஏழு அங்குலச் சமையற்கட்டையும், குச்சியையும் வைக்கப்போகிறேன். அந்த மூத்தவர் ஸ்கேலோடு வரட்டும், குடத்தை நானே எடுத்து அவர் கையில் கொடுக்கிறேன்.

எழுதிய கார்டை அனிதாவிடம் நீட்டினேன். "படிச்சுப் பாரு. தப்பு இருந்தா சொல்லு. சொல்லித்தான் ஆகணும்" என்றேன்.

ரெண்டு தடவை படித்தாள். கார்டை என் பக்கம் தள்ளினாள்.

"ஒண்ணு குறையுது, அத்தை" என்றாள்.

"என்ன?"

"அம்மாகிட்ட நீங்க மன்னிப்பு கேட்கவே இல்லையே."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது, டீச்சர். பொய் சொல்லமாட்டேன், வந்தது. இத்தனை எழுதியிருக்கிறேனே என்று வாய் வரைக்கும் வந்தது. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன். உங்கள் முகம். பேனாவை எடுத்து அவள் எதிரிலேயே கடைசி வரியைச் சேர்த்தேன். கார்டில் இடமில்லாமல் ஓரத்தில் வளைத்து எழுத வேண்டியிருந்தது.

என்னை மன்னித்துவிடுங்கள், டீச்சர்.

இனி இந்த வீட்டில் உங்கள் மகள் என் தப்பை என் முகத்துக்கு நேரே சொல்வாள். எனக்குக் கோபம் வரும். வந்தாலும் உட்கார்ந்து கேட்டுக்கொள்வேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. நேற்று சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்றாள். இருந்தது.

உங்கள் பெரிய கைக்கார,
சம்பந்தி செல்வக்கனி
மயிலாப்பூர்