ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு

அருள்புரம்
2-8-2025, சனி

தமிழ்மதி அப்பாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கீதாஞ்சலிக்கு இரண்டு நாளாகச் சளி. மருந்து பையின் முன்பக்க ஜிப்பில் இருக்கிறது. ஐஸ் கேட்பாள், வாங்கித் தராதீர்கள். தமிழ்மதி கணக்கில் நாற்பத்தெட்டு வாங்கியிருக்கிறாள். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றாள், சொல்லிவிட்டேன். திட்ட வேண்டாம்.

போனில் பேசினால் சண்டையில்தான் முடியும், எழுதிக்கொள்ளுங்கள் என்று விவாகரத்து சமயத்தில் கோர்ட் கவுன்சலிங் மேடம் சொன்னார். இந்த ஒன்றரை வருஷமாக அது நல்லபடியாகவே போகிறது. அதனால் இதையும் எழுதியே கேட்கிறேன்.

வருகிற 31-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையை எனக்கு விட்டுத் தர வேண்டும். சனி சாயங்காலம் முதல் ஞாயிறு சாயங்காலம் வரை பிள்ளைகள் உங்களிடம் என்பது கோர்ட் உத்தரவு. அதை மீறி நான் எதுவும் செய்ய மாட்டேன். காரணத்தையும் மறைக்கப் போவதில்லை. நானும் பெருமாள்சாமியும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம். எங்கள் பனியன் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். மனைவி இறந்து ஆறு வருஷம், குழந்தை இல்லை.

மண்டபம் இல்லை, பத்திரிகை இல்லை, சொந்தக்காரர்கள் யாரும் இல்லை. அண்ணனுக்குத் தெரிந்தால் நடக்கவே விடமாட்டார். உங்களை விட்டு வந்ததற்கே அவர் இன்னும் என் முகம் பார்த்துப் பேசுவதில்லை. கோயிலில் வைத்தால் பூக்காரம்மா வரைக்கும் அவருக்குத் தெரிந்தவர்கள். அதனால் பல்லடம் பக்கம் வாய்க்கால் மேட்டில், ஒரு புங்கமரத்தடியில், காலை ஏழு மணிக்கு. நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், சாட்சிக்கு என்னோடு செக்கிங்கில் வேலை செய்யும் சித்ராதேவி. ரிஜிஸ்டர் பிறகு செய்துகொள்வோம். நல்ல நாள் பார்த்தாயா என்று கேட்பீர்கள். கம்பெனி லீவு விடுகிற நாள்தான் எங்களுக்கு நல்ல நாள்.

பிள்ளைகள் இல்லாமல் செய்ய எனக்கு மனசில்லை. யோசித்து எழுதுங்கள்.

கோமளா


அவிநாசி
3-8-2025, ஞாயிறு

கோமளாவுக்கு,

ஐஸ் வாங்கித் தரவில்லை. நாற்பத்தெட்டுக்குத் திட்டவுமில்லை.

பெருமாள்சாமியைப் பார்த்திருக்கிறேன். வேனுக்கு ஊற்றுகிற டீசலைவிடத் தன் தலைக்கு ஊற்றுகிற எண்ணெய் அதிகம். பரவாயில்லை, அவரவர் ருசி. கீதாஞ்சலி போன வாரமே சொன்னாள். "பெருமாளு மாமா ரெட்டச் சடை நல்லாப் போட்டுவிடுதுங்கப்பா. நீங்க போட்டா ஒண்ணு மேல போகுது, ஒண்ணு கீழ போகுது." நான் போட்டதை அவிழ்த்து மறுபடி பின்னினேன். அதையும் அவிழ்த்துப் பின்னினேன். ஒன்று மேலேதான் போயிற்று.

நம் கல்யாணத்துக்கு ஆயிரத்து நானூறு பேர் சாப்பிட்டார்கள். பேசி முடித்தது உன் அண்ணன், மண்டபம் பிடித்தது என் பெரியப்பா, புடவை எடுத்தது என் அக்கா கருப்பாத்தாள். என்னையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை கோமளா. நேற்று ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு படத்தில்கூட நீ சிரிக்கவில்லை. இப்போது வாய்க்கால் மேடாம், புங்கமரமாம். மரத்தை நீயே போய்ப் பார்த்தாயா, இல்லை அவர் கூட்டிப் போய்க் காட்டினாரா?

பெற்றவள் கல்யாணத்தைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்பார்கள். அது கிடக்கட்டும். அன்றைக்கு நான் பிள்ளைகளைக் கொடிவேரி அணைக்குக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். என் நாளைத் தர முடியாது.

அருள்செல்வன்


அருள்புரம்
9-8-2025, சனி

தமிழ்மதி அப்பாவுக்கு,

கொடிவேரி என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஒன்றரை வருஷத்தில் நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போன இடம் இரண்டு. ஒன்று நீங்கள் வேலை செய்கிற நிட்டிங் ஷெட், மற்றொன்று அதற்கு எதிரே இருக்கிற பேக்கரி.

மரத்தை நான்தான் பார்த்தேன். ஒரு நாள் வேன் பஞ்சராகி அங்கே நின்றபோது, அரை மணி நேரம் அதன் நிழலில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை எதுவும் கேட்காத அரை மணி நேரம். அது பிடித்திருந்தது.

வேறு நாள் பாருங்கள் என்று சொல்லாதீர்கள். சனிக்கிழமையெல்லாம் ஷிப்மெண்ட், லீவு கேட்டால் ஆளையே மாற்றிவிடுவார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்மதி வாயால் தெரிந்தால் உங்களுக்கு இன்னும் வருத்தமாக இருக்கும். செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது கேட்டாள். "ஏம்மா, தாலியில மாமா ஒரு முடிச்சுத்தான போடோணும்? மீதி ரெண்டும் மாப்பிள்ளையோட அக்கா தங்கச்சிதான போடோணும்? மாமாவுக்குத்தான் கூடப் பொறந்தவங்க யாருமே இல்லயே." ஆமாம் கண்ணு என்றேன். ரசச் சோற்றைப் பிசைந்தாள். பிறகு, "அப்ப நானே போடறேம்மா" என்றாள். யாரும் சொல்லித் தரவில்லை. பதினோரு வயசுப் பிள்ளை.

நீங்கள் நாளைத் தராவிட்டால், பிள்ளைகளுக்குத் தெரியாமல் எங்கேயோ போய்த் தாலி கட்டிக்கொண்டு வந்து நிற்க மாட்டேன். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிடுவேன். மிரட்டவில்லை. உங்கள் கையில்தான் இருக்கிறது என்று சொல்கிறேன்.

கோமளா


அவிநாசி
17-8-2025, ஞாயிறு

கோமளாவுக்கு,

போன வாரம் பதில் எழுதாததற்கு மிஷின் ரிப்பேர் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். பொய். நாலு தடவை எழுதி நாலு தடவையும் கிழித்தேன்.

நமக்கு அந்த இரண்டு முடிச்சையும் போட்டது கருப்பாத்தாள் அக்கா. இப்போது என் மகள் அந்த ஆளுக்குக் கூடப் பிறந்தவளாக நிற்க வேண்டுமா? அவரிடம் எது இல்லையோ அதையெல்லாம் என் வீட்டிலிருந்தே எடுத்து மாட்டிக்கொள்வாரா, வேனுக்கு ஸ்டெப்னி மாதிரி? இன்றைக்கு மாமா என்கிறாள். அது எத்தனை நாளைக்கு?

பத்து நாள் முன்னால் உங்கள் கம்பெனிக்கு எதிரே டீக்கடையில் நின்றேன். எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை. ஷிப்ட் விட்டது. நீ வேனில் முன் சீட்டில் ஏறினாய். அவர் ஏதோ சொன்னார், நீ பல் தெரியச் சிரித்தாய். பதினோரு வருஷம் கூட இருந்தும் உனக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். எனக்குப் பொறாமை கோமளா. வயிறு எரிகிறது. இதைவிடக் கொஞ்சம் கௌரவமான வார்த்தை கிடைக்குமா என்று தேடினேன், கிடைக்கவில்லை.

அந்தக் கொதிப்பில் ஒரு காரியம் செய்துவிட்டேன். பதினைந்தாம் தேதி லீவன்று உன் அண்ணன் சாமியப்பனைக் கடைவீதியில் பார்த்தேன். "புள்ளைங்க சௌக்கியமுங்களா?" என்று கேட்டார். தேதியையும் இடத்தையும் சொல்லிவிட்டேன். சொல்லி வாயை மூடுவதற்குள் தப்பு என்று தெரிந்தது. உன்னிடம் மறைக்காமல் எழுதுவதைத் தவிர வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

அருள்செல்வன்


அருள்புரம்
23-8-2025, சனி

அருள்செல்வன் அவர்களுக்கு,

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அண்ணன் கம்பெனி கேட்டில் வந்து நின்றார். நானூறு பேர் உள்ளே போகிற நேரம். "ரெண்டு பொட்டப் புள்ளைய வெச்சுக்கிட்டு உனக்குக் கல்யாணம் கேக்குதா?" என்று ஆரம்பித்தார். அதற்குமேல் சொன்னதை இங்கே எழுத மாட்டேன், தமிழ்மதி எடுத்துப் படிப்பாள். பெருமாள்சாமி வேனை விட்டு இறங்கி வந்து, "எதா இருந்தாலும் எங்கிட்டப் பேசுங்க" என்றார். அண்ணன் அவர் சட்டையைப் பிடித்தார். அவர் கையை ஓங்கவில்லை, கும்பிட்டபடியே நின்றார். மறுபடி இப்படி நடந்தால் இரண்டு பேருக்கும் வேலை கிடையாது என்று ஹெச்.ஆரில் சொல்லிவிட்டார்கள்.

டீ டைமில் யாரோடு நின்றாய், போன் ஏன் பிஸி, பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தது. பதினோரு வருஷம் இதைத்தான் கேட்டீர்கள். அதற்காகத்தான் வெளியே வந்தேன். வேறு யாருக்காகவும் வரவில்லை. பெருமாள்சாமி யாரென்றே அப்போது எனக்குத் தெரியாது. வெளியே வந்த பிறகும் அந்தப் பொறாமை என் பின்னாலேயே கம்பெனி கேட் வரைக்கும் வருகிறது.

31 அன்று அண்ணன் வாய்க்கால் மேட்டில் ஆட்களோடு நிற்பாராம். கல்யாணத்தை நிறுத்தியாயிற்று. பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன். கீதாஞ்சலி "அப்ப புதுப் பாவாடை?" என்றாள். அன்றைக்கு வழக்கம்போல இரண்டு பேரும் உங்களிடம் வருவார்கள். கொடிவேரிக்கே கூட்டிப் போங்கள்.

இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

கோமளா


அவிநாசி
28-8-2025, வியாழன்

கோமளாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். பஸ் ஸ்டாப்பில் சித்ராதேவியிடம் கெஞ்சி இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமையை உனக்குத் தரப் போவதில்லை. அது என் நாள், என்னிடமே இருக்கட்டும். பிள்ளைகள் இல்லாமல் நீ கல்யாணம் செய்துகொள்ள மாட்டாய் என்று உன் அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். என் நாளில் பிள்ளைகள் என்னோடு இருக்கும்வரை அவர் உன்னைத் தேட மாட்டார். நேற்று அவரிடம் போனேன். "கல்யாணமெல்லாம் நின்னு போச்சுங்க. ஞாயித்துக்கெழமை புள்ளைங்க எங்கூடத்தானுங்க இருக்குதுங்க" என்றேன். இரண்டுமே பொய்யில்லை, நேற்றைய தேதிக்கு. வாய்க்கால் மேட்டுக்கு வரச் சொல்லியிருந்த ஆட்களை வேண்டாம் என்று அவர் என் முன்னாலேயே போன் செய்து சொன்னார்.

எங்கள் நிட்டிங் ஓனர் தோட்டம் உனக்குத் தெரியும், ஷெட்டுக்குப் பின்னால். ஞாயிறு மிஷின் ஓடாது, கேட் சாவி என்னிடம் இருக்கிறது. ஓனரிடம் கேட்டுவிட்டேன். கிணற்று மேட்டில் ஒரு வேப்பமரம். அதனடியில் கிடந்த காலி நூல் கோன்களையும் பாலிதீன் பைகளையும் பொறுக்கி, நானே கூட்டி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை ஆறரைக்குப் பிள்ளைகளை அங்கே கொண்டுவந்து விடுகிறேன். புதுப் பாவாடையைச் சனிக்கிழமை பையில் வைத்து அனுப்பு.

என் மனசு மாறிவிட்டது என்று நினைக்காதே. கூட்டும்போதும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் அங்கே நிற்க மாட்டேன். நின்று பார்க்கிற அளவுக்கு நல்லவன் இல்லை.

அருள்செல்வன்


31-8-2025, ஞாயிறு, காலை எட்டு மணி

தமிழ்மதி அப்பாவுக்கு,

கிணற்று மேட்டில் உட்கார்ந்தே எழுதுகிறேன். நல்லபடியாக நடந்தது. பெருமாள்சாமிக்கு முதல் முடிச்சு விழவே நேரமாயிற்று. தமிழ்மதி மற்ற இரண்டையும் இறுக்கிப் போட்டுவிட்டு, "வலிக்குதாம்மா?" என்று கேட்டாள். கீதாஞ்சலி எங்கள் மேல் போட்ட அரிசியைவிடக் கிணற்றில் போட்டதுதான் அதிகம். சித்ராதேவி அழுதாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன்.

முடிந்ததும் பிள்ளைகள் உங்களைத் தேடினார்கள். நிற்க மாட்டேன் என்று எழுதியிருந்தாலும் கேட்டுக்கு வெளியிலாவது இருப்பீர்கள் என்று நினைத்தேன். வண்டியைக் காணவில்லை. "பாவமுங்க, தாங்கியிருக்க முடியாது" என்றார் பெருமாள்சாமி. எனக்குப் பயமாக இருக்கிறது, ஒளிக்காமல் சொல்கிறேன். போன தடவை கொதிப்பில் செய்த மாதிரி அண்ணன் வீட்டுப் பக்கம் போனீர்களா?

நாங்கள் கிளம்புகிறோம். நீங்கள் வரும்வரை சித்ராதேவி பிள்ளைகளோடு இருப்பாள். எங்கே போனீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

கோமளா


அவிநாசி
31-8-2025, ஞாயிறு, சாயங்காலம்

கோமளாவுக்கு,

ஆமாம், உன் அண்ணன் வீட்டுக்குத்தான் போனேன்.

நேற்றுச் சாயங்காலம் அவர் போன் செய்தார். "எதுக்கும் காலைல அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஒரு நடை பாத்துட்டு, அப்படியே உங்க ஊட்டுக்கு வந்து புள்ளைங்களையும் பாத்துட்டுப் போறனுங்க" என்றார். உன்னிடம் சொன்னால் நீ வராமல் இருந்துவிடுவாய், அதனால் சொல்லவில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக அங்கே போனேன். அவர் பைக்கை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். "உங்ககிட்ட ஒரு யோசனை கேக்கோணுமுங்க" என்று உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் எங்கே என்றார். அக்கா ஊட்டில் தூங்குதுங்க என்றேன். இது சுத்தப் பொய்.

காபி வந்தது, இட்லி வந்தது. அவர் உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். முன்பெல்லாம் நானும் கூடச் சேர்ந்துகொள்வேன், அது உனக்கும் தெரியும். இன்று இட்லியைப் பிட்டுக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு ஆயிற்று. ஏழு ஐந்து ஆயிற்று. இப்போது பெருமாள்சாமி கட்டியிருப்பார், இப்போது தமிழ்மதி பின்னால் வந்து நின்றிருப்பாள் என்று நினைத்தேன். எழுந்து ஓடிப்போய் நிறுத்திவிடலாமா என்றும் ஒரு நிமிஷம் நினைத்தேன். இதையும் உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

அப்போதுதான் உன் அண்ணன் என் தோளில் கையை வைத்தார். "அவ எப்படியோ போறாளுங்க. எங்களுக்கு என்னைக்கும் நீங்கதான் மாப்பிள்ளை" என்றார். நான் அந்த வீட்டு மாப்பிள்ளையாக இருந்தது அந்த நிமிஷத்தோடு முடிந்துபோனது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"ஆமாங்க மச்சான்" என்றேன். இன்னும் இரண்டு இட்லி வைக்கச் சொன்னார். எட்டரை வரைக்கும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அருள்செல்வன்