உன் முழுப் பெயரைத் தட்டச்சு செய்த நாள்

லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் புதிதாகத் திறந்த தமிழ்க் கடையில் மரத்தட்டுகளுக்கு வார்னிஷ் அடித்திருந்தார்கள். மிளகாய்த்தூள் வாங்கப் போன நான் அந்த மணத்தில் அப்படியே நின்றுவிட்டேன். நீ தேய்த்து மெருகேற்றிய மர விமானச் சிறகுகளின் மணம் அது. நீ போன பிறகு வரும் முதல் கோடை இது, 2009.

யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில் கணிதம் படித்தோம். லண்டனுக்கு வந்து ஒரே விமான ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். மாதிரிச் சிறகுகள்மேல் பெருங்காற்றைச் செலுத்திச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்துக்கு உன்னை அனுப்பினார்கள். அங்கே வேலைக்கு நுழைந்த முதல் பெண் நீ. என் ஆங்கிலம் நல்லதென்று என்னைச் சோதனை அறிக்கைகள் எழுத உட்காரவைத்தார்கள். கையில் பசையும் தலையில் மரத்தூளுமாக நீ மத்தியானம் சாப்பிட வரும்போது எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் சிறகின் நுனி நடுங்குவதைக் கண்டாய். கருவியில் ஒன்றும் பதியவில்லை. கண்ணில் கோளாறு என்றார் அதிகாரி. நீ விடவில்லை. வேகத்தைக் கூட்டச் சொல்லி நின்றாய். கண்ணாடி வழியாகப் பார்க்க என்னையும் கூப்பிட்டாய்.

"பார், இப்ப உடையப்போகுது."

உடைந்தது. மனிதர் ஏறிப் பறக்குமுன்பே அந்தச் சிறகின் வடிவத்தை மாற்றினார்கள்.

அறிக்கையில் உன் பெயரை முழுதாகப் போட்டேன். அதிகாரி அதை வெட்டிவிட்டு, முதலெழுத்துகள் போதும், அதுதான் வழக்கம் என்றார். மாலையில் பஸ்ஸில் சொன்னபோது உனக்கு முகம் சிவந்தது.

"விமானம் துணியும் மரமுமா இருந்த காலத்திலயே பொம்பிளையள் ஆராய்ச்சி செய்து எழுதினவை. முதலெழுத்தை மட்டும் போட்டதால எல்லாரும் அவையை ஆம்பிளையள் எண்டு நினைக்கினம். நாங்களும் அப்பிடிப் போறதோ?"

மறுநாள் உன் முழுப் பெயரைத் திரும்பவும் தட்டச்சு செய்து கொண்டுபோனேன். "நடுக்கத்தைக் கண்டவர் யாரென்று வாசிப்பவர்கள் கேட்பார்களே" என்றேன். வேலை போனாலும் போகட்டுமென்று தாளை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு கையெழுத்திட்டார்.

அச்சாகி வந்ததும் நீ புரட்டிப் பார்த்தாய்.

"எடி, உன்ர பேர் எங்க?"

"எழுதிறவைக்குப் பேர் போடுறதில்லை."

"நான் கண்டதுதான். நீ எழுதாட்டி ஆர் நம்பியிருப்பினம்?"

ஆறுதலுக்குத்தான் சொன்னாய். எனக்கு இன்னும் எரிந்தது. வெறுக்க விடாத நல்ல மனமும் உனக்கே வாய்த்திருந்ததே!

இந்தத் தை மாதத்தில், கிழக்கு லண்டன் செவன் கிங்ஸில், உன் செத்தவீட்டுக்கு விமானப் பொறியியல் படிக்கும் பெண்பிள்ளைகள் வந்து அழுதார்கள். "அவவாலதான் நான் இதைப் படிக்கிறன், அன்ரி" என்றாள் ஒருத்தி. "நீங்கள் அவவோட என்ன வேலை செய்தனீங்கள்?"

"எழுதினனான்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உன் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உன்மேல் உள்ள பொறாமை எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ளவும் மனமில்லை. அது ஆறுகிற அன்றுதான் நீ எனக்கு உண்மையாகவே செத்துப்போவாய்.