கடலை இல்லாத திருநாள்

செட்டிபாளையம்
12.09.2025

விதுர்ஷாவின் அப்பாவுக்கு,

நானும் மகளும் சுகம். சண்டை பிடிக்க எழுதவில்லை, ஒரு தேவைக்கு எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் உலக சமயங்கள் வாரம் வைக்கிறோம். சீட்டுக் குலுக்கியதில் என் ஒன்பதாம் வகுப்புக்கு யூதர்களின் யோம் கிப்பூர் திருநாள் வந்துவிட்டது. இம்முறை அது விஜயதசமியன்றே வருகிறதாம். அதிபர், “வாணிவிழாவுக்குப் போல அதுக்கும் கடலை அவிச்சுக் குடுங்க டீச்சர்” என்கிறார். நானும் கடலை வாங்கிவிட்டேன். வேறென்ன செய்ய வேண்டும்? இஸ்ரேலில் இருக்கிற உங்களைத்தான் கேட்கலாம். மின்னஞ்சல் போதும். போன் எடுத்தால் பேச மாட்டேன்.

கம்சாயினி

ஹைஃபா
14.09.2025

அன்பின் கம்சா,

இரண்டு வருடத்துக்குப் பிறகு உன் கடிதம். நாலு தரம் வாசித்தேன்.

ஐயோ, கடலை குடுத்துப் போடாதே! அன்று இவர்கள் பச்சைத் தண்ணீரும் குடிப்பதில்லை. முதல்நாள் பொழுதுபட்டதிலிருந்து மறுநாள் இருட்டும்வரை நோன்பும் பிரார்த்தனையும்தான். செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்கிற நாள் அது. வாகனம் ஓடாது. பெரிய றோட்டில் பிள்ளைகள் சைக்கிள் ஓடுவார்கள்.

நான் பராமரிக்கிற கிழவர் சொன்னதைப் பிள்ளைகளுக்குச் சொல். கடவுளுக்குச் செய்த பிழையைக் கடவுள் மன்னிப்பார். மனிசருக்குச் செய்ததை அந்த மனிசரிடமே கேட்க வேணுமாம். மூன்று முறை கேட்டும் மன்னிக்காவிட்டால் பழி மன்னிக்காதவருக்காம். போன வருடம், தேத்தண்ணிக் கோப்பையை எறிந்ததற்கு என்னிடமே மன்னிப்புக் கேட்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

கொழும்பில் வேலை என்று பொய் சொல்லிப் போய், விமானம் ஏறும்போதுதான் உனக்குப் போன் எடுத்தேன். மன்னித்துக்கொள். இது முதல் முறை.

ரதீஸ்

செட்டிபாளையம்
26.09.2025

விதுர்ஷாவின் அப்பாவுக்கு,

விபரத்துக்கு நன்றி. கடலையை நிறுத்திவிட்டேன். “கடலை இல்லாம என்ன திருநாள்?” என்று அதிபருக்கு முகம் சுருங்கிவிட்டது.

மற்றதற்குப் பதில் இல்லை.

கம்சாயினி

ஹைஃபா
30.09.2025

அன்பின் கம்சா,

நாளை பொழுதுபட நோன்பு தொடங்குகிறது. கிழவருக்கு வெள்ளை உடுப்பு எடுத்து வைத்துவிட்டேன்.

இரண்டாம் முறை கேட்கிறேன். மன்னித்துக்கொள்.

ரதீஸ்

செட்டிபாளையம்
04.10.2025

விதுர்ஷாவின் அப்பாவுக்கு,

பாடம் நடந்தது. பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் கேட்டார்கள். முடிந்த கையோடு ஒருத்தி, பேனை உடைத்ததற்குக் கூட்டாளியிடம் மூச்சு விடாமல் மூன்று தரம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, “டீச்சர், இனிப் பழி அவளுக்குத்தானே?” என்றாள்.

“அப்பிடிக் கேட்டா கணக்கில வராது மகள். நொந்தவங்கட முகத்தப் பாத்துக் கேக்கணும்” என்றேன்.

“உங்களிட்ட ஆரும் கேட்டிருக்காங்களா டீச்சர்?”

“ஓம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

நான் கரும்பலகையை அழிக்கத் திரும்பிவிட்டேன்.

நீங்கள் வெளிநாடு போனதில் எனக்குக் கோபமில்லை. சொன்னால் மறிப்பாள் என்று நினைத்தீர்களே, அதுதான் இன்னும் எரிகிறது. மறித்துத்தான் இருப்பேன், அது வேறு கதை.

மூன்றாம் முறையை எழுத்தில் கேட்க வேண்டாம். லீவு எடுத்து வந்து, வாசலில் நின்று, என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். என்ன சொல்லுவேன் என்று எனக்கே தெரியாது.

வகுப்புக்கு வாங்கின கடலை அப்படியே வீட்டில் கிடக்கிறது. அதை முதல்நாளே ஊறப்போட வேண்டும். வருகிற திகதியைச் சொல்லுங்கள்.

கம்சா