உருண்டையின் கழுத்துச் சிவப்பு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, உன் அம்மாவின் முழங்கால் வலி மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் வருகிறது, என் இரத்த அழுத்தம் மருத்துவர் திட்டாத அளவில் நிற்கிறது. நீங்கள் மூவரும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன் என எழுதுவதுதான் முறை, ஆனால் சுகமில்லை என்று தெரிந்துகொண்டே அப்படி எழுதக் கை வரவில்லை. காலையிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்கப் போகிறேன், அதை வேறு நேற்றே மாற்றியாகிவிட்டது, பிறகு பால்கனிக்குப் போய்த் துணி காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கிறேன், அதை உன் அம்மா ஏற்கெனவே மடித்து வைத்துவிட்டாள். கடைசியில் அவள், ஒன்று உட்காருங்கள் இல்லை வெளியே போங்கள், காற்றில் ஆடும் கதவுமாதிரி வந்து வந்து போகாதீர்கள் என்று சொல்லிவிட்டாள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். தபாலில் போனால் உனக்கு எப்போது கிடைக்குமோ, ஆகவே எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் கைபேசிக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். பேசினாலே போதுமே, இதற்கு எதற்குக் கடிதம் என்று கேட்டாள். பேசினால் நான் பாதியில் மழுப்பிவிடுவேன், நீ "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்பாய், நானும் சரி என்று விட்டுவிடுவேன். நாம் இருவரும் எப்போதும் அப்படித்தான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், மாப்பிள்ளையைக் கோபித்துக்கொள்ளாதே. வியாழக்கிழமை அவர் அலுவலக மாடிப்படியில் நின்றுகொண்டு என்னைக் கைபேசியில் கூப்பிட்டுப் பேசினார், குரலைக் கேட்டால் ஏதோ திருடிவிட்டு வந்தவர்போல இருந்தது. நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள் மாமா என்று கேட்டுக்கொண்டார், நானும் சரி என்றேன், இப்போது முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டேன். இப்படி ஒரு மாமனார் அவருக்கு. நம் பேரன் உருண்டை கழுத்தையும் மணிக்கட்டையும் தேய்த்துத் தேய்த்து இரத்தம் கசிகிறது என்றார். நீ முதலில் முட்டையை விட்டாயாம், அப்புறம் பாலை, அப்புறம் மீனை, வேர்க்கடலையை, இப்போது வெறும் சோறும் வேகவைத்த காயும்தான் என்றார். பால் கொடுக்கிற உடம்பு, சமையலறையில் தலை சுற்றி அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாயாம். உங்கள் ஊர் மருத்துவர் எழுதிக்கொடுத்த களிம்பு ஒரு முறை தடவியதோடு அலமாரிக்குள் போய்விட்டது என்றும் சொன்னார். அந்தக் களிம்பு தோலை மெலிய வைத்துவிடும் என்று உன் அம்மா எங்கேயோ கேட்டதை உனக்குச் சொன்னது எனக்குத் தெரியும், நான் பக்கத்தில்தான் இருந்தேன், அப்படியும் இருக்கலாம் என்று தலையை வேறு ஆட்டினேன். ஆயுள் முழுக்கக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன், ஒரு களிம்பைப் பற்றி உறுதியாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. என் மாணவர்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் "இருக்கலாம் சார்" என்பது உனக்குத் தெரிந்ததுதானே.

இந்த மூன்று மாதமாக நான் செய்த ஆராய்ச்சி எல்லாம் உனக்கு நினைவிருக்கும். சோப்பு உறையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், அதில் வாசனைப் பொருள் இருக்கிறது என்று மாற்றச் சொன்னேன். துணி துவைக்கும் தூளை மாற்றச் சொன்னேன். தண்ணீர் கடினத் தண்ணீரா என்று கேட்டேன், திரைச்சீலையில் தூசி இருக்கிறதா என்று கேட்டேன், உன் தோழி கொடுத்த பஞ்சுக் கரடியைக்கூட விடவில்லை. நீ ஒவ்வொன்றுக்கும் சரிப்பா சரிப்பா என்று மாற்றினாய். உன் அம்மா, போலீஸ் விசாரணைகூட இவ்வளவு நடக்காது, அந்தக் கரடி பாவம் என்றாள். எல்லாம் மாற்றியும் சிவப்பு போகவில்லை, உன் சாப்பாடுதான் போயிற்று. அதனால்தான் மாப்பிள்ளை பேசிய மறுநாள், நேற்று, இங்கே கடைத்தெரு முனையில் உட்காரும் தோல் மருத்துவர் அம்மாவிடம் உருண்டையின் படங்களை எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். குழந்தையே இல்லாமல் குழந்தைக்குப் பார்க்க வந்திருக்கிறீர்களே என்று அங்கே சீட்டு கொடுக்கும் பெண் சிரித்தாள், எனக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது, உன் அம்மா என் சட்டைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அந்த மருத்துவர் அம்மா பொறுமையானவர். படம் மட்டும் பார்த்து மருந்து எழுத மாட்டேன், பொதுவாகச் சொல்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். உன் அம்மாவின் கைபேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கழுத்தைச் சுற்றி, இரண்டு மணிக்கட்டிலும், மோவாய்க்கு அடியில், என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, எல்லாப் படத்திலும் குழந்தை ஒரே சட்டையில் இருக்கிறதே என்று கேட்டார். உன் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இவரே பின்னினது டாக்டர், ரிட்டயர் ஆனதும் கைபேசியில் பார்த்துக் கத்துக்கிட்டார், குழாயும் குடுவையும் பிடிச்ச கை, ஒரு கை கொஞ்சம் நீளமாப் போச்சு, ஆனா கழுத்து எவ்வளவு கச்சிதமா வந்திருக்கு பாருங்க என்றாள். மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கம்பளி நூலா என்று மட்டும் கேட்டார். நான் ஆமாம் என்றேன். எந்தக் கிழமை எடுத்த படங்கள் என்று அடுத்துக் கேட்டார். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை நாம் முகம் பார்த்துப் பேசும்போது உன் அம்மா எடுத்து வைத்தவை. எவ்வளவு நேரம் பேசுவீர்கள் என்று கேட்டார், உன் அம்மா கைபேசியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சோப்பு, தூள், தண்ணீர், கரடி என்று அத்தனையையும் சந்தேகப்பட்டவனுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. குழந்தை அந்தச் சட்டையோடு திரையில் வந்ததும் நான் பார்த்ததெல்லாம் கழுத்துப் பின்னல் தொய்ந்திருக்கிறதா என்றுதான். அந்தப் பின்னலுக்குள்ளே இருந்த கழுத்தை நான் பார்க்கவே இல்லை. திரும்பி வரும்போது பேருந்தில், சட்டை உறுத்துகிறது என்று நம் பெண் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, என்னிடம் என்ன பயம் என்று உன் அம்மாவிடம் கேட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உங்களுக்குப் பயந்து போடலைங்க. உங்க முகம் வாடிடுமேன்னு பயந்து போட்டுவிடுறா."

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளையிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்தபிறகு குழந்தை ரொம்பச் சொறிகிறான் என்று அவர் ஒருமுறை உன்னிடம் சொன்னதாகவும், அப்பாவிடம் சொன்னால் அதையே நினைத்து நினைத்துப் பின்னல் ஊசியைத் தொடவே மாட்டார், பேசுகிற நேரம் மட்டும்தானே என்று நீ சொன்னதாகவும் சொன்னார். அம்மாடி, எனக்கு அதைக் கேட்டு எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை. சாப்பாட்டின்மேல் பழியைப் போட்டால் யார் மனதும் நோகாது, உன் வயிறு மட்டும்தான் காயும் என்று கணக்குப் போட்டுவிட்டாய். அந்தச் சுபாவம் என்னிடமிருந்து வந்தது, வேறு எங்கிருந்து வரும்.

மருத்துவர் சொன்னதை இப்போது எழுதுகிறேன், என் ஞாபகத்தை நம்பாமல் உன் அம்மாவிடமும் கேட்டுச் சரிபார்த்தே எழுதுகிறேன். உன் அம்மா கரப்பான் என்பதும் நீ எக்ஸிமா என்பதும் ஒன்றேதான். நீ சாப்பிட்டதாலும் வரவில்லை, நான் பின்னியதாலும் வரவில்லை, குழந்தையின் தோலே ஈரத்தைப் பிடித்து வைக்கத் தெரியாத தோல், சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே அப்படி. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. வரும், போகும், வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடும். ஆனால் அந்தத் தோலைக் கம்பளி உறுத்தும், சூடு கிளப்பிவிடும், வேர்வை எரிக்கும். வெப்பமூட்டி ஓடுகிற அறையில் அதைப் போட்டு நம் பேச்சு முடியும்வரை வைத்திருந்தால் என்ன ஆகும், நீயே நினைத்துப் பார். பருத்தித் துணியே போதும், தளர்வாக. குளியல் வெதுவெதுப்பான தண்ணீரில், சீக்கிரம் முடித்துவிட வேண்டும், வாசனை இல்லாத மென்மையான சோப்பு கொஞ்சமாக. துவட்டும்போது தேய்க்காமல் ஒற்றி எடு, தோலில் ஈரம் இருக்கும்போதே வாசனையில்லாத கெட்டியான ஈரப்பதக் களிம்பைத் தாராளமாகப் பூசு, குளிக்காத வேளையிலும் பூசு, இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது என்றார். நகத்தை ஒட்ட வெட்டிவிடு, தூங்கும்போது வெட்டினால் அடம் பிடிக்க மாட்டான்.

அலமாரிக்குள் இருக்கிற களிம்பு வேறு. அதைச் சிவந்த இடத்தில் மட்டும், உங்கள் மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை தடவ வேண்டும். குழந்தைகளுக்கென்று கொடுக்கிற மென்மையான மருந்தை அப்படித் தடவினால் தோல் மெலியாது, பயந்துகொண்டு தடவாமல் விட்டால்தான் சொறிந்து சொறிந்து புண்ணாகும் என்றார். எதை முதலில் பூசுவது, எவ்வளவு இடைவெளி என்பதை உங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள், நான் ஏதாவது சொல்லி மாற்றிவிடப்போகிறேன். இரத்தம் கசிகிறது என்பதால் திங்கட்கிழமையே அவரிடம் காட்டிவிடு. அதற்குள் நீர் வடிந்தாலோ, மஞ்சளாகப் பொருக்குத் தட்டினாலோ, கொப்புளம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு போ. களிம்பு விஷயத்தில் உன் அம்மாவிடம் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். நான் சொன்னது தப்பு என்று எழுத வேண்டாம், டாக்டர் வேறு மாதிரி சொல்லிவிட்டார் என்று எழுதுங்கள் என்றாள். அப்படியே எழுதிவிட்டேன்.

இனி உன் சாப்பாடு. மருத்துவர் சோதித்து இன்ன பொருள்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லாமல் எதையும் நிறுத்தக் கூடாதாம். நீ இருக்கிற பத்தியத்தைக் கேட்டுவிட்டு அந்த அம்மா எங்களைப் பார்த்த பார்வையில் நாங்கள் இருவரும் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள்போல் ஆகிவிட்டோம். முட்டை சாப்பிடு. பால் குடி. பயமாக இருந்தால் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்கு, ஆனால் தொடங்கு. தலை சுற்றி விழுந்தால் குழந்தையை யார் தூக்குவார்கள் என்று நினைத்து வியாழக்கிழமையிலிருந்து நான் படுகிற பாடு உனக்குத் தெரியாது.

நாளை ஞாயிற்றுக்கிழமை. குழந்தையை வெறும் பருத்திச் சட்டையில் காட்டு, உடம்பு முழுக்கக் களிம்பு பூசிப் பளபளவென்று இருந்தாலும் அப்படியே காட்டு. என் முகம் ஒரு வேளை வாடும், அதைப் பார்த்து நீ பயந்துவிடாதே, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும், இத்தனை வருடம் அப்படித்தான் ஆகியிருக்கிறது. உன் அம்மாவும் நாளை சீக்கிரம் முடித்துக்கொள்வதாகச் சொல்கிறாள், அதை நான் நம்பவில்லை.

மூவரும் நோய் நொடியில்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். வழக்கமாக எதை எழுதினாலும் இரண்டு முறை படித்துப் பாதியை அடித்துவிடுவேன், இதைத் திருப்பிப் படிக்காமலேயே உன் அம்மாவிடம் கொடுக்கிறேன், அவள் கைபேசியோடு வாசலில் நிற்கிறாள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பதில் எழுத உட்கார வேண்டாம், முதலில் போய் ஏதாவது சாப்பிடு.

என்றும் உன் நலம் கோரும்,
அப்பா