சுண்ணாம்பின் மேல் ஒரு கோடு

வியாழக்கிழமை காலை, காவாந்தண்டலம் பள்ளிக்கூடத்தின் பெரிய வகுப்பறைக் கதவைத் திறந்ததும் சுண்ணாம்பு வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். எனக்கு நெடி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டு தலைமை ஆசிரியர் ஓடிப்போய் ஜன்னல்களைத் திறந்தார். அவரிடம் எப்படிச் சொல்வேன்டி, நீ செத்துப் போய் மூன்று வருஷம் ஆகிறது, அந்த வாசனையில் நீதான் வந்து நின்றாய் என்று.

உத்திரமேரூர் கடைத்தெருவில் உங்கள் அத்தாவின் ஹார்டுவேர் கடையிலிருந்து சுண்ணாம்புப் பொட்டலம் கொண்டுவந்து, நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு பீமுக்கும் நீயே வெள்ளையடிப்பாய். நானும் நீயும் சேர்ந்து வார்த்த கான்கிரீட் பீம்கள் அவை. ஒவ்வொன்றையும் இரும்புச் சட்டத்தில் ஏற்றி, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கொடுத்து, உடையும்வரை பார்ப்பதுதான் நம் நாலு வருஷ ஆராய்ச்சி. மயிரிழை வெடிப்பும் வெள்ளையில் தெரிந்துவிடும் என்பதற்காகத்தான் அந்தச் சுண்ணாம்பு. பீம் எவ்வளவு வளைகிறது என்று காட்டும் டயலை நான் படிப்பேன். நீ வெடிப்பைத் தேடுவாய். கண்டதும் அதன் நுனியில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு குறுக்குக் கோடு போட்டு, அந்த நேரத்துப் பாரத்தைப் பக்கத்தில் எழுதுவாய். உன் பர்தாவின் கை நுனி அந்த நாலு வருஷமும் வெள்ளையாகத்தான் இருந்தது.

இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் வந்த கதையைச் சொல்கிறேன். வகுப்பறைக் கூரையைத் தாங்கும் பீமில் வெடிப்பு தெரிகிறது, வந்து பாருங்கள் என்று நான் வேலை பார்க்கும் கல்லூரிக்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள். நான் இந்தப் பக்கத்துப் பெண் என்பதால் என் தலையில் விழுந்தது. போன மாதம் வந்து ஏணி போட்டு ஏறி, பீமின் நடுவில் இருந்த நாலு வெடிப்புகளையும் பார்த்தேன். ஒவ்வொன்றின் நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதினேன். கோட்டைத் தாண்டி வெடிப்பு நீளுகிறதா என்று ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாம், அதுவரை பிள்ளைகள் வெளியே மரத்தடியில் உட்காரட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒரு மாதமும் நான் சரியாகத் தூங்கவில்லை. கேஸை மூடினோமா என்று மூன்று தரம் போய்ப் பார்க்கிறவள் நான். உனக்குத் தெரியாததா? நீ வைத்த பெயரே பயந்தாங்கொள்ளிதானே.

வியாழக்கிழமை போய் அண்ணாந்து பார்த்தால் பீம் பளீரென்று இருக்கிறது. என் கோடும் இல்லை, தேதியும் இல்லை. நான் கோட்டைத் தேடுவதைப் பார்த்து, கூட வந்திருந்த வார்டு மெம்பர் சந்தோஷமாகச் சொன்னார்:

“நீங்க வர்றீங்கன்னுதாம்மா அட்ச்சோம். பத்து நாளாச்சு. பென்சில்ல எவனோ கிறுக்கி வச்சிகினு கீறான், பாக்க நல்லாவா கீது?”

அவ்வளவு உயரத்தில் ஏறிக் கிறுக்கியது யார் என்று அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி விசாரித்திருக்கிறார்கள். ஒருத்தனும் ஒத்துக்கொள்ளவில்லையாம். அந்தக் கிறுக்கல் என்னுடையதுதான் என்று சொன்னேன். தலைமை ஆசிரியருக்கு முகம் செத்துவிட்டது. உண்மையில் அது அவர் தப்பு இல்லை. விருந்தாளி வருகிறாள் என்றால் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற ஊர் இது. நான்தான் யாரிடமும் விளக்கிச் சொல்லாமல் போயிருந்தேன். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. நீ இருந்திருந்தால் ஏணியில் உட்கார்ந்துகொண்டு சிரித்திருப்பாய்.

ஏறிப் பார்த்தேன். நடுவில் சுண்ணாம்பு கலையாமல் இருந்தது. அந்த நாலு வெடிப்பும் இருந்த இடத்தில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, விரலால் தடவிப் பார்த்தேன். பத்து நாள் ஆகியும், நடுவில் இரண்டு நாள் மழை பெய்தும், வெள்ளை பிளக்கவில்லை. அப்படியென்றால் அந்த வெடிப்புகள் அசையவில்லை. அவர்கள் அழித்த என் குறிகளைவிட அவர்கள் அடித்த சுண்ணாம்பு நல்ல சாட்சியாக ஆகியிருந்தது. நடுவில் நன்றாக இருக்கிறது என்று கீழே காத்திருந்த தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து பிள்ளைகளை உள்ளே உட்கார வைக்கலாமா என்று கேட்டார். மழை வந்தால் அறுபது பிள்ளைகளை ஒண்ட வைக்க வேறு இடமில்லை என்றார். உட்கார வைக்கலாம் என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அப்போது நாம் உடைத்த ஏழாவது பீம் ஞாபகத்துக்கு வந்தது.

அன்றும் நான் நடுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் வெடிப்புகள் நேராக, நிதானமாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. உள்ளே கம்பி இழுபடுகிறது, இன்னும் தாங்கும், எல்லாம் நாம் கணக்குப் போட்டபடிதான் போகிறது என்று நினைத்து டயலுக்குப் பக்கத்தில் குனிந்தேன். நீ என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாய். இழுத்த அதே மூச்சில், சட்டத்தின் மேல் பீம் உட்கார்ந்திருந்த ஓரத்துக்குப் பக்கத்தில் சாய்வாக ஒரு கோடு கிழிந்து, பீம் இரண்டாகப் போய்விட்டது. நான் குனிந்திருந்த இடத்தில் டயல் நசுங்கிக் கிடந்தது. தூசி அடங்கும் முன்பே, “இன்னாடி, உசுரு கீதா?” என்று கேட்டாய். பிறகு கேன்டீனில் வைத்துச் சொன்னாய்:

“நடுவுல வுடுற வெடிப்பு பேசிக்கினே வுடும்டி. ஓரம் பேசாது. அத்த மொதல்ல பாரு.”

சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் இருந்தாய். ஆனால் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தாய்.

ஏணியை ஓரத்துக்கு நகர்த்த வேண்டும் என்றேன். பழைய புத்தக பீரோ ஒன்று இடித்தது. அதை நகர்த்த நாலு ஆள் வேண்டும். மெம்பருக்கு அலுப்புத் தட்டியது. நடுவில் நல்லா இருக்கிறது என்று நீங்களே சொன்னீர்களே என்றார். நானும் ஒரு நொடி விட்டுவிடலாமா என்றுதான் நினைத்தேன். உன்மேல் ஆணை, நினைத்தேன். பிறகு ஆள் கூட்டிவரச் சொன்னேன்.

சுவரிலிருந்து ஒரு முழத்தில் அது இருந்தது. பத்து நாள் சுண்ணாம்பைக் கீறிக்கொண்டு, சாய்வாக, தலைமுடி கனத்தில் ஒரு கோடு. கூரைக்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்டேன். போன மாதம் நான் வந்துபோன பிறகு யாரோ நல்ல மனசுக்காரர் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் டேங்க் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். நடுக்கூரையில் வைத்தால் பீமுக்கு ஆகாதே என்று யோசித்து, சுவர் ஓரமாக வைத்திருக்கிறார்கள். யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள், பாவம்.

டேங்கைக் காலி செய்து இறக்கச் சொன்னேன். பீமுக்கு அடியில் இரும்பு முட்டு கொடுக்கச் சொன்னேன். அறையைப் பூட்டச் சொல்லி, எழுதியும் கொடுத்தேன். மெம்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு முடி கனத்துக் கோட்டுக்கா இவ்வளவு என்று அவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. ஆய்வுக்கூடத்தில் பீமை உடைத்துப் பார்த்துத்தான் நாம் எதையும் தெரிந்துகொண்டோம். இங்கே உடைவதற்கு முன்னால் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் சொன்னது சரியா என்று யாருக்குமே தெரியப் போவதில்லை, எனக்கும்தான். ஒன்றுமில்லாததற்கு அறுபது பிள்ளைகளை மறுபடியும் மரத்தடிக்கு அனுப்பிவிட்டேனோ என்று இதை எழுதும்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்று தெரியும். உன் விஷயத்தில் நான் ஓரத்தைப் பார்க்கவில்லை. கடைசி வாரம் முழுக்க இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். என்ன என்று கேட்டேன். கான்கிரீட் கட்டி தூக்கின வலி என்றாய். ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். உன் பேச்சும் சிரிப்பும் எப்போதும்போல இருந்தன, அதைப் பார்த்து நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை போன் செய்து, இன்றைக்கு வரவில்லை, தொட்டித் தண்ணீரில் ஊறும் கட்டிகளை மட்டும் எடுத்து வைத்துவிடு என்றாய். எடுத்து வைத்தேன். துடைத்து, வரிசையாக அடுக்கிக்கூட வைத்தேன். மத்தியானம் உன் தம்பி போன் செய்தான். இதயம் என்றார்கள். ஊரெல்லாம் வெடிப்புத் தேடுகிற எனக்கு, பக்கத்தில் நின்றவளின் தோள் தெரியவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

நேற்று சாயங்காலம் உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா டீ போட்டுக் கொடுத்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். “எனக்கு இன்னாம்மா, நல்லாத்தான் கீறேன்” என்றார். மூன்று வருஷமாக அதே பதில்தான், நானும் அதோடு எழுந்து வந்துவிடுவேன். நேற்று எழுந்திருக்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“மாடி ஏறுனா மூச்சு வாங்குது. ஒரு மாசமா. வூட்ல யாராண்டயும் சொல்லல.”

திங்கட்கிழமை காலை காவாந்தண்டலத்துப் பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் நான் உன் அம்மாவோடு காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் இருப்பேன்.