ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் சொன்னது

தம்பியின் மகளுக்கு நேற்றுக் குழந்தை பிறந்தது. இன்று காலை இட்லி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நர்ஸ் வந்து குழந்தையின் தொடையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியது. பிரிக்காத உறையை எங்கள் கண் முன்னால் பிரித்து ஊசியை எடுத்தாள். குத்திய கையோடு அதை ஒரு டப்பாவுக்குள் போட்டாள். என்ன ஊசி என்று கேட்டேன். ரத்தத்தில் தொற்றுகிற மஞ்சள் காமாலைக்கு, பிறந்த உடனே எல்லாப் பிள்ளைக்கும் போடுவது என்றாள். குழந்தை சிணுங்கிவிட்டுத் தூங்கிப்போனது. நான் வெளியே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். உங்களோடு பேச வேண்டும்போல் இருந்தது. அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் இதை எழுதுகிறேன்.

நமக்கு நிச்சயம் ஆகியிருந்த அந்தக் கோடைக்குத்தான் மனம் முதலில் போகிறது. எண்பதுகளின் கடைசி. சங்கரன்கோவிலில் எந்தத் தெருவில் நின்றாலும் விசைத்தறிச் சத்தம் கேட்கும். தறி நின்றுபோனால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் கை வைத்தால் ஓடும் என்று பேர். அந்தக் கைகளில் எப்போதும் ஏதாவது ஒரு வெட்டுக்காயம் இருக்கும். ஒரு துண்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த ஷெட்டுக்குப் போய்விடுவீர்கள். நான் வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். அப்பா இல்லை. அம்மா, தம்பி, நான் என்று மூன்று பேர். கோயிலில் பாதிரியார் நம் கல்யாண ஓலையை வாசித்தாயிற்று. கடையநல்லூர் நண்பர் ஒருவர் மூலமாக உங்களுக்குக் குவைத்தில் பிட்டர் வேலைக்கு விசா வந்திருந்தது. கல்யாணத்தை முடித்துவிட்டுப் போவதாகப் பேச்சு. மெட்ராஸில் மெடிக்கல் பரிசோதனை மட்டும்தான் பாக்கி.

மெட்ராஸிலிருந்து திரும்பிய அன்று நீங்கள் உங்கள் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து பையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். உட்காரச் சொன்னதற்கும் உட்காராமல் நின்றபடி அம்மாவிடம் பேசினீர்கள்.

"அத்தை, மெடிக்கல்ல தள்ளிட்டாவ. என் ரத்தத்துல காமாலைக் கிருமி இருக்குன்னு சொல்லுதாவ. எனக்கு உடம்புல ஒரு கோளாறும் தெரியல. ஆனா நீங்க தெரிஞ்சிக்கிடணும். மகளைத் தாரதும் தராததும் உங்க இஷ்டம்."

அம்மா உங்கள் கிட்டே வந்து கண்ணைப் பார்த்தாள். வெள்ளையாகத்தான் இருந்தது. நகத்தைப் பார்த்தாள். அதிலும் மஞ்சள் இல்லை. வெக்கையாக இருக்கும், கீழாநெல்லி அரைத்துத் தருகிறேன் என்றாள். நீங்கள் தலையாட்டினீர்கள். நான் தையல் மெஷினுக்குப் பின்னால் இருந்தேன். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

நீங்கள் போன பிறகு தம்பி இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். "அக்கா, அவரு நல்லவருதான். நல்லவருக்கு வந்தா நோய் நோயில்லன்னு ஆயிருமா?" என்று கேட்டான். ஒரு டாக்டர் வாயால் கேட்காமல் நான் எதையும் விடமாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

பாளையங்கோட்டை டாக்டரிடம் நீங்கள், நான், தம்பி மூன்று பேரும்தான் போனோம். நீங்கள் பஸ்ஸில் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தீர்கள். அந்த டாக்டர் அவசரப்படாத மனிதர். ஒவ்வொன்றாகக் கேட்டார். காய்ச்சலுக்கு ஊசி போட்டிருக்கிறீர்களா? போட்டிருக்கிறேன் என்றீர்கள். நம் ஊரில் அப்போது கம்பவுண்டர் கண்ணாடி ஊசியை வெந்நீரில் ஒரு முக்கு முக்கிவிட்டு வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் அதையே போடுவார். முடி வெட்டுகிற இடத்தில் ஒரே கத்தியால் எல்லோருக்கும் சவரம் செய்வார்களா? செய்வார்கள். பச்சை குத்தியிருக்கிறீர்களா? சட்டைக் கையை மடித்துக் காட்டினீர்கள். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் சேக்காளிகளோடு சேர்ந்து சின்ன வயதில் குத்திக்கொண்ட சிலுவை. உங்களுக்கு முன்னால் எத்தனை பேருக்கு அந்த ஊசியால் குத்தினார்கள் என்று டாக்டர் கேட்க, நீங்கள் லேசாகச் சிரித்தீர்கள். "இதுல ஒண்ணுகூடப் படாத மனுசன் எங்க ஊர்ல யாரு இருக்கா, சார்?"

யாரும் இல்லைதான் என்றார் அவர். எது வழியாக வந்தது என்று இனிமேல் கண்டுபிடிக்க முடியாது, அம்மாவிடமிருந்தே பிறக்கும்போது வந்திருந்தாலும் வந்திருக்கும் என்றார். தம்பி ஒரே டம்ளரில் குடிக்கலாமா, ஒரே தட்டில் சாப்பிடலாமா என்று கேட்டான். தாராளமாக, தொட்டால் வராது, கூட உட்கார்ந்து சாப்பிட்டால் வராது, ரத்தத்தில்தான் வரும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, கணவன் மனைவி உறவிலும் வரும் அம்மா, ஆனால் அதற்குத் தடுப்பூசி வந்திருக்கிறது, மூன்று தடவை போட வேண்டும், மதுரையில் கிடைக்கும் என்றார். எல்லாம் சொல்லி முடித்த பிறகு உங்களைப் பார்த்து, இனி யாருக்கும் ரத்தம் கொடுக்காதீர்கள் என்றார்.

அப்போதுதான் உங்கள் முகம் மாறியது. வெளிநாட்டு வேலை போனதைச் சொன்னபோதுகூட அப்படி மாறவில்லை.

திரும்பி வருகிற வழியில், தம்பி கேட்கும்படியாகவே என்னிடம் சொன்னீர்கள்: "மூணு ஊசியும் போட்டு முடியுற வரைக்கும் கல்யாணம் வேண்டாம். அதுக்குள்ள உனக்கு மனசு மாறுனா நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

முதல் ஊசியை வாங்க மதுரைக்கு நீங்களேதான் போனீர்கள். அது குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும், உறைந்துபோகவும் கூடாது என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். மருந்துக் குப்பியைத் துணியில் சுற்றி, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து, ராஜபாளையம் வழியாக அந்த வெயிலில் பஸ்ஸில் வந்தீர்கள். சீட்டில் வைத்தால் சூடேறிவிடுமோ, கீழே வைத்தால் உருண்டுவிடுமோ என்று வழி நெடுக மடியிலேயே வைத்திருந்தீர்களாம். எங்கள் வாசலில் வந்து நின்றபோது சட்டை முழுக்க வியர்வை. தம்பிதான் கதவைத் திறந்தான். பிளாஸ்க்கைக் கையில் வாங்கிக்கொண்டு, "உள்ள வாங்க அத்தான்" என்றான். அவன் உங்களை அத்தான் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கல்யாணம் ஆன பிறகும் நீங்கள் அந்தக் கவனத்தை விடவில்லை. உங்கள் பிளேடு தனி, நகவெட்டி தனி. முடி வெட்டப் போகும்போது உங்கள் கத்தியை நீங்களே கொண்டுபோவீர்கள். ஷெட்டில் கை கிழித்துத் தறியில் ரத்தம் பட்டால், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் நீங்களே துடைத்துவிட்டுத்தான் மற்றவர்களைத் தொடவிடுவீர்கள். காயத்தோடு வீட்டுக்கு வந்தால் கொல்லையில் போய் நின்றுகொண்டு, பல்லால் துணியைக் கிழித்துக் கட்டுவீர்கள். நான் எனக்குத்தான் ஊசி போட்டாயிற்றே என்று சொல்லிக்கொண்டு பின்னாலேயே வருவேன். "அங்கனயே நில்லு" என்பீர்கள். கோபமாகச் சொன்னதில்லை. ஆனால் ஒரு எட்டு கிட்டே வரவிட்டதும் இல்லை. நமக்குக் குழந்தை வாய்க்கவில்லை. அதற்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் சில நாட்கள் நீங்கள் சாப்பாட்டில் கையை வைத்தபடி யோசித்துக்கொண்டே இருப்பீர்கள்.

கல்யாணமாகி முதல் கிறிஸ்துமஸ் கழிந்த பிறகுதான் உங்கள் மனதில் கிடந்ததை என்னிடம் சொன்னீர்கள். நோய் இருப்பது தெரிவதற்கு முன்னால், விபத்தில் அடிபட்ட லாரி டிரைவர் ஒருவருக்கு ரத்தம் கொடுத்திருக்கிறீர்கள். வாசுதேவநல்லூர்க்காரர். அவருக்கும் இது போயிருக்குமோ என்பது உங்களுக்குள் அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நாம் இரண்டு பேரும் பஸ் ஏறிப் போய் அவரைத் தேடிக் கண்டுபிடித்தோம். குளத்தங்கரைப் பக்கம் வீடு. ஒரு கால் கொஞ்சம் சாய்த்து நடந்தார். நீங்கள் எதையும் மறைக்காமல் சொன்னீர்கள். ரத்தம் கொடுத்த சில மாதங்களில் அவருக்குக் காமாலை வந்து படுத்திருக்கிறார். பிறகு சரியாகிவிட்டது. வெயிலில் லாரி ஓட்டியதால் வந்தது என்று நினைத்திருக்கிறார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். அவர் உங்கள் தோளில் கையைப் போட்டார்.

"அண்ணாச்சி, நீங்க அன்னைக்கு ரத்தம் குடுக்கலன்னா காமாலை வாரதுக்கு நான் இருந்திருக்கவே மாட்டேனே."

பாளையங்கோட்டையில் அவருக்கும் சோதித்துப் பார்த்தோம். கிருமி இல்லை, உடம்பே அதை விரட்டிவிட்டது என்றார் டாக்டர். பெரியவர்களில் அநேகம் பேருக்கு அப்படித்தான் ஆகும், சிலருக்குத்தான் தங்கிவிடும் என்றார். அந்தச் சிலரில் நீங்கள் ஒருவர். அன்று வீட்டுக்கு வந்து நீங்கள் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டீர்கள். எனக்கு நினைவிருக்கிறது.

ஆனால் நம் ஊரில் யாருக்கும் இது தெரியாது. அம்மாவும் தம்பியும் யாரிடமும் மூச்சு விடவில்லை. மெடிக்கலில் காது கேட்கவில்லை என்று தள்ளிவிட்டதாக ஒரு பேச்சு ஓடியது. அதை நாம் மறுக்கவில்லை. தெரிந்தால் ஷெட்டுக்காரர்கள் கூப்பிடமாட்டார்கள். நமக்கு வேறு பிழைப்பும் இல்லை.

அப்படியிருக்கும்போதுதான் கணேசனின் மனைவிக்குப் பிரசவம் ஆனது. கணேசன் உங்களோடு தறி ஷெட்டில் வேலை பார்த்தவர், பக்கத்துத் தெரு. பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. தாய்க்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. ரத்தம் வேண்டும் என்றதும் கணேசன் ஓடி வந்தது நம் வீட்டுக்கு. உங்கள் ரத்தமும் அவள் ரத்தமும் ஒரே குரூப் என்று அவருக்குத் தெரியும். முன்பு ரத்தம் கொடுத்தவர் என்றும் தெரியும். உடம்பு சரியில்லை என்று சொல்லி நீங்கள் வீட்டிலேயே இருந்திருக்கலாம். நான்கூட அதைத்தான் எதிர்பார்த்தேன். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். தம்பிக்கும் அதே குரூப், அவனைக் கூட்டிக்கொண்டு உடனே வா என்று என்னை அனுப்பினீர்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நல்ல கூட்டம். கணேசனின் மாமனார், ஷெட்டு முதலாளி, தறிக்காரர்கள், தெருப் பெண்கள். கணேசனின் மாமியார் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கல்லு மாதிரி நிற்கிறாயே, உள்ளே போய்க் குடுக்க மாட்டாயா என்று கேட்டாள். கூட்டத்தில் யாரோ, பயந்துட்டாரு போல என்றார்கள். நீங்கள் அவள் கையை மெதுவாக விலக்கினீர்கள்.

"எனக்குக் குடுக்க மனசில்லாம இல்லம்மா. என் ரத்தத்துல காமாலைக் கிருமி இருக்கு. குடுத்தா உங்க மகளுக்கும் போயிரும். அதுக்குத்தான் குவைத்துக்கு விடல. எங்க மச்சினன் வாரான், அவனுக்குச் சோதிச்சுப் பாத்தாச்சு, ஒண்ணும் கிடையாது."

அதோடு நீங்கள் நிறுத்தியிருக்கலாம். தம்பியும் வந்துவிட்டான். ஆனால் அவனிடம் ரத்தம் எடுக்க நர்ஸ் ஊசியை எடுத்து வந்ததும், அது புதுசா, நல்லாக் கொதிக்க வச்சதா என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டீர்கள். அவளுக்கு முகம் சுருங்கியது. கேட்டுத்தான் ஆகணும்மா, கேக்காமப் போட்டுக்கிட்டு நான் இப்பிடி நிக்கேன் என்றீர்கள். அவள் உள்ளே போய் வேறு ஊசி கொண்டுவந்தாள். என் திருமணத்தைத் தடுக்கப் பார்த்த தம்பி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனான். கணேசனின் மனைவி பிழைத்தாள்.

அதற்குப் பிறகு வந்தது நாம் பயந்ததுதான். இரண்டு மூன்று ஷெட்டில் உங்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். டீக்கடையில் உங்களுக்கென்று ஒரு கிளாஸை ஒதுக்கினார்கள். கோயிலில் நம் பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடைத்தது. இரண்டு வருஷம் என் தையலில்தான் வீடு ஓடியது. உங்களுக்கு வருத்தமா என்று ஒரு நாள் கேட்டேன். இல்லை என்று சொல்லவில்லை. "இனி யார்ட்டயும் எதையும் மறைச்சு மறைச்சுப் பேச வேண்டாம்லா" என்றீர்கள். கணேசன் மட்டும் நம்மை வீட்டுக்கு அழைத்துப் பந்தி போட்டார். சாப்பிட்டு எழுந்ததும் அவர் மனைவி குழந்தையைக் கொண்டுவந்து உங்களிடம் நீட்டினாள். நீங்கள் உடனே வாங்கவில்லை. இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள், புதுக்காயம் ஏதும் இருக்கிறதா என்று. பிறகுதான் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டீர்கள். பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு மனமே இல்லை.

ஷெட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். தறி நின்றால் உங்களை விட்டால் ஆளில்லை. ஊரில் ஒருவர் ஒருவராக முடிவெட்டும் இடத்தில் புதுப் பிளேடு கேட்கத் தொடங்கினார்கள். வெகு காலம் கழித்து அந்த நோய் உங்கள் ஈரலைப் பிடித்தது. வயிறு வீங்கியது, கை கால் மெலிந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கடைசி வாரம். நினைவு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, சாப்பிட்டியா என்று கேட்டீர்கள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அதற்குப் பிறகு நீங்கள் பேசவில்லை.

நீங்கள் போன பிறகு சில பெண்கள் என்னிடம் வருகிறார்கள். புருஷனுக்கோ மகனுக்கோ ரத்தத்தில் இது இருப்பதாகச் சோதனையில் வந்திருக்கும். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் யாரோ சொல்லி என் வீட்டைத் தேடி வருவார்கள். உட்கார வைத்து, எதில் வரும், எதில் வராது என்று சொல்லுவேன். டாக்டரிடம் கூட்டிப்போவேன். போன மாதம் வந்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் கையைப் பிடிக்கலாமா அக்கா என்று கேட்டாள். பிடி, நல்லாப் பிடி என்றேன்.

அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அழுதேன். உங்களைத் தொடப் பயந்தவர்கள் இந்த ஊரில் அநேகம் பேர். அவர்கள் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. நான் ஒருத்தி பயப்படாமல் உங்களோடு இத்தனை வருஷம் வாழ்ந்தேன். அப்படியிருந்தும் நான் தொட்டது போதவில்லை.