சர்பேஸ் பிளேட்டின் மேல் மணிலா மூட்டை

திருவண்ணாமலை
12.2.1984

அன்பு மகன் தாமோதரனுக்கு அப்பா எழுதுவது. அண்ணாமலையார் தயவில் நாங்கள் மூன்று பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். பஹ்ரைனில் நீயும் மருமகளும் சௌக்கியம் என்று நம்புகிறேன், நம்பத்தான் முடியும், நீ கடிதம் போடுவது உன் மாமனாருக்கு மட்டும்தானே. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது.

நீ கேட்டபடி பட்டறையைப் பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பியாயிற்று. லேத்து நிற்கும் முன்பக்கம் உன் தம்பி வேணுவுக்கு, பின்பக்கம் உனக்கு. உன் பக்கத்தைப் பூட்டி உன் மாமனார் கோதண்டராமன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். சர்பேஸ் பிளேட் உள்ளே மாட்டிக்கொண்டது. அந்த இரும்புப் பலகையைப் பின்மூலையில் வைத்தது யார் என்று உனக்குத் தெரியாதா? லேத்து அதிர்வும் செங்கம் ரோட்டு லாரி அதிர்வும் தொடாத இடம் அது ஒன்றுதான் என்று தரையைத் தோண்டித் தனியாகக் கான்கிரீட் போட்டு, மூன்று காலில் நிறுத்தி, நீயும் நானும்தான் ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். வேணு செய்கிற உருப்படியை அதன் மேல் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் ராணிப்பேட்டை கம்பெனிக்கு அனுப்புவோம். பார்க்காமல் அனுப்பியது போன மாதம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. இன்னொரு தடவை திரும்பினால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும், உன் தம்பி லேத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அதனால் போன வாரம் உன் மாமனார் வீட்டு வாசலில் நின்று சாவி கேட்டேன். கூடவே வந்து திறந்தார். பார்த்தால் பிளேட் மேல் மணிலாக்கடலை மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார்! "நல்லா மேடை மாதிரி இருக்குது சம்பந்தி, ஈரம் ஏறாதுன்னு வச்சேன்" என்கிறார். சம்பந்தியாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நானும் வேணுவும் மூட்டைகளை இறக்கி, மண்ணெண்ணெய் போட்டுத் துருவைத் துடைத்தோம். பாரத்தில் ஒரு கால் இறங்கியிருந்தது. ரசமட்டத்தை வைத்து இந்தக் காலைத் திருகினால் குமிழி இந்தப் பக்கம், அந்தக் காலைத் திருகினால் அந்தப் பக்கம். சாப்பிடக்கூடப் போகவில்லை. ஒருவழியாகக் குமிழி நடுவில் வந்து நின்றபோது, "பூட்டணுங்க, நேரமாச்சு. இனிமே மாப்பிள்ளை எழுதினா தொறக்கறேன், எனக்கெதுக்குப் பொல்லாப்பு" என்று சாவியை ஆட்டினார். வேணு கையில் உருப்படியோடு நின்றான். ஒன்றைக்கூட வைத்துப் பார்க்கவில்லை.

நான் மட்டம் பார்த்த இடத்துக்குள் நுழைய என் மகனிடமே அனுமதி கேட்டு எழுதுகிறேன். எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, படிக்க உனக்கு எப்படியோ. உன் பாகத்தில் ஒரு பிடி மண் வேண்டாம். சாவியைக் கொடுங்கள் என்று அவருக்கு ஒரு வரி போடு. எனக்குப் போட வேண்டாம், உனக்குப் பழக்கமில்லை.

அந்த ஊர் வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. உனக்கும் மருமகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம், ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். சாவி விஷயம் மறக்காதே.

சுவருக்கு இந்தப் பக்கமிருந்து,
உன் அப்பா
சக்கரபாணி